கரண்ட் போனால் பாட்டு!

நண்பர்களே, ஹெட்போனைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் மலர்க் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். "தாயைப் பற்றி எழுது, தாய்மொழியைப் பற்றி எழுது, இல்லாட்டி ராக்கெட்டைப் பற்றியாவது எழுதுடா" என்றார் செகரட்டரி அண்ணன். அதையெல்லாம் எழுத நம் காலேஜில் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கென்று சொந்தமாக இருப்பது ஒரு ஹெட்போன்தான். அதுவும் செகண்ட் ஹேண்ட்!

போன வருஷம் பாஸ் அவுட் ஆன நம் டிபார்ட்மெண்ட் சீனியர் ஒருவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்தது. ரூமைக் காலி செய்யும்போது ஒரு பழைய டப்பாவை நீட்டி, "தம்பி, இது கோஸ் போர்ட்டா புரோ. இதோட அருமை தெரிஞ்சவன்கிட்டதான் தரணும்னு வெச்சிருந்தேன். ஆயிரத்து இருநூறு குடு" என்றார். எனக்கு அதன் அருமை அப்போது தெரியாது. அவர் அப்படிச் சொல்லிவிட்டதால் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். செமஸ்டர் லீவில் தறி ஓட்டிச் சேர்த்த காசு. வீட்டில் முந்நூறு ரூபாய் என்று சொல்லியிருக்கிறேன். (அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த மலர் வீட்டுக்குப் போனால் தங்கச்சி சத்தமாக வாசித்துக் காட்டிவிடுவாள். என்ன ஆகப்போகிறதோ!)

டப்பாவைத் திறந்தால் காதில் படும் நுரைப் பஞ்சு பொடிப் பொடியாக உதிர்ந்தது. அண்ணன் அதைப் பைக்குள் சுருட்டிச் சுருட்டித் திணித்ததில் பின் பக்கத்தில் வயரும் அறுந்திருந்தது. ஒரு காதுதான் பாடியது. பஞ்சு புதிதாக ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். வயரை நம் லேபிலேயே சால்டர் செய்தேன். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹெட்போன் வயருக்குள் இருக்கும் கம்பிகளுக்கு மேலே ஒரு வார்னிஷ் பூச்சு உண்டு. அதை எரித்து எடுக்காமல் எத்தனை ஈயம் வைத்தாலும் ஒட்டாது. எனக்கு அரை மணி நேரம் ஒட்டவில்லை. லேப் அசிஸ்டெண்ட் அண்ணன் வந்து பார்த்து, "மூணாவது வருஷம் படிக்கறியா நீ?" என்று கேட்டுவிட்டு, நுனியைச் சால்டரிங் அயர்னில் ஈயத்தோடு தேய்த்துக் காட்டினார். பூச்சு புகைந்து போனது. ஈயம் பளபளவென்று ஏறியது.

இடது வயரை வலதிலும், வலது வயரை இடதிலும் வைத்துவிட்டேன் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இரண்டு வாரமும் உலகத்தையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிக் கேட்டுக்கொண்டு, "ஆஹா, என்ன ஸ்டீரியோ!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

இதற்கு 'ஓபன் பேக்' என்று பேர். சாதாரணமாகக் காதை மூடும் ஹெட்போனில் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் மூடி இருக்கும். உள்ளே இருக்கும் டயாபிரம் முன்னால் தள்ளும்போது நம் காதுக்கு ஒரு அலை வருகிறது. அதே நேரம் பின்னாலும் ஒரு அலை போகிறது. மூடி இருந்தால் அந்தப் பின் அலை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே முட்டி மோதும். குடத்துக்குள் வாயை வைத்துப் பேசிப் பாருங்கள், புரியும். ஓபன் பேக்கில் பின்னால் வெறும் சல்லடை. அலை பாட்டுக்கு வெளியே போய்விடும். அதனால் பாட்டு மண்டைக்குள் அடைத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் எட்ட நின்று பாடுகிற மாதிரி இருக்கும். இதற்கு நாம் கொடுக்கும் விலை, நம் பாட்டு பக்கத்து ஆளுக்குக் கேட்கும், பக்கத்து ஆளின் பேச்சு நமக்குக் கேட்கும். டவுன் பஸ்ஸில் ஒரு தடவை போட்டேன். பக்கத்து சீட் பாட்டி, "சாமி, ஒண்ணு எனக்கும் நல்லாக் கேக்கற மாதிரி வையி, இல்லாட்டி நிறுத்து" என்றார்கள். நிறுத்திவிட்டேன்.

1958-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் கோஸ் என்பவர் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி எச்.டி. 414 என்று ஒன்றை விட்டது. ஓபன் பேக் வகைக்கு அதுதான் மூத்த அண்ணன். மஞ்சள் நுரைப் பஞ்சு வைத்துப் பார்ப்பதற்கே வேடிக்கையாக இருக்கும். அதன் இம்பீடன்ஸ் 2000 ஓம்! என்னுடையது 60 ஓம்தான், அதனால் சாதாரண போனே தாராளமாக ஓட்டிவிடுகிறது. 1979-ல் சோனி வாக்மேன் வந்தபோது அதோடு கொடுத்ததும் லேசான, திறந்த நுரைப் பஞ்சு ஹெட்போன்தான். என் போர்ட்டா புரோவின் மாடல் 1984-ஐச் சேர்ந்தது. என்னைவிட மூத்தது, இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நம் சிலபஸ்கூட அத்தனை வருஷம் மாறாமல் இருந்ததில்லை.

சரி, இனிமேல்தான் விஷயம்.

எங்கள் வீடு குமாரபாளையத்தில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானி, இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் காவிரி. ஊரே தறி. லைன் வீட்டில் கடைசி வீடு எங்களுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிப் பட்டறை. அப்பா அங்கேதான் 22 வருஷமாக லுங்கித் தறி ஓட்டுகிறார். 12 மணி நேர ஷிப்ட். கரண்ட் இருக்கிற வரை, சடக் சடக் சடக் என்று நாடா ஓடுகிற சத்தம் எங்கள் சுவரிலேயே அடிக்கிற மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது சத்தமே இல்லை. பட்டறைக்குள் யாரும் வாயால் பேச மாட்டார்கள், கையால்தான் பேச்சு. ஒரு விரல் காட்டினால் டீ, கையைச் சுழற்றினால் தார் தீர்ந்தது. வீட்டிலும் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். காலேஜில் சேர்ந்த முதல் வாரம் பக்கத்து பெஞ்ச் நண்பன், "ஏன்டா சண்டைக்கு வர்ற மாதிரியே பேசற?" என்று கேட்டான். அப்போதுதான் மற்றவர்கள் வீட்டில் மெதுவாகப் பேசுவார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது.

இந்த வீட்டுக்குப் போய் ஓபன் பேக் ஹெட்போன் வாங்கியவன் நான்! முதல் நாள் சாயங்காலம் ஆசையாக மாட்டிப் பார்த்தேன். பாட்டுக்குப் பதில் தறிதான் கேட்டது. சல்லடை வழியாக மொத்தப் பட்டறையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆயிரத்து இருநூறு ரூபாய் போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

அதற்கு முன்னால் என்னிடம் காதுக்குள் செருகும் இயர்போன் இருந்தது. லீவில் தறி ஓட்டும்போது அதைச் செருகி, தறியையே அடக்குகிற மாதிரி சவுண்டை முழுசாக வைத்துவிடுவேன். போன் சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை காட்டும், 'ஓகே' அழுத்திவிடுவேன். ராத்திரி படுத்தால் இரண்டு காதிலும் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் ஓடும். காலையில் போய்விடும். போய்விடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். புது ஹெட்போனில் அந்த வித்தை பலிக்கவில்லை. எவ்வளவு ஏற்றினாலும் தறிதான் ஜெயித்தது. அதனால் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். யோசித்தால், அது ஜெயிக்காமல் போனதுதான் எனக்கு நல்லதாகப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை, எங்களுக்குக் காலேஜ் லீவு. அன்றைக்கு எங்கள் பகுதியில் மின்வாரியப் பராமரிப்பு நாள். காலை 9 முதல் சாயங்காலம் 5 வரை கரண்ட் கிடையாது. தறிக்காரர்களுக்குப் பராமரிப்பு நாள் என்றால் கூலி இல்லாத நாள். சரியாக ஒன்பதுக்குத் தெரு முழுக்கத் தறி நின்றது. அந்த நிசப்தம் இருக்கிறதே... முதல் பத்து நிமிஷம் காதுக்குள் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக வரும். காக்கா, யாரோ பாத்திரம் தேய்ப்பது, தூரத்தில் பாலத்துக்கு மேல் லாரி போவது. போனில் சார்ஜ் இருந்தது. ஆணியில் இருந்து ஹெட்போனை எடுத்து மாட்டினேன்.

நண்பர்களே, அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பாட்டுக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். சவுண்ட் நாலில் ஒரு பங்குகூட வைக்கவில்லை. 1978-ல் வந்த 'பிரியா' படப் பாடல்கள் அந்தக் காலத்திலேயே ஸ்டீரியோவில் பதிவு செய்தவை. டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் நூறு தடவை கேட்டதுதான். ஆனால் எந்த வாத்தியம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று டீக்கடை ஸ்பீக்கர் எனக்குச் சொன்னதே இல்லை. (இந்த இடத்தில்தான் என் சால்டரிங் தப்பும் சந்தேகத்துக்கு வந்தது. இடது வலது டெஸ்ட் போட்டுப் பார்த்தால், தப்பேதான்!) அப்புறம் இளையராஜா 1986-ல் செய்த 'ஹௌ டு நேம் இட்'. அதில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின். வில் கம்பியில் படுகிற அந்த முதல் உரசல் கேட்டது. அம்மா அடுப்படியில் வெங்காயம் நறுக்குவதும் கூடவே கேட்டது. இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யவில்லை. எப்படிச் சொல்வது, வயலின்காரர் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு பராமரிப்பு நாள் எப்போது என்று மெசேஜ் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. ஊரே சலித்துக்கொள்ளும், நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். அப்பாவுக்குக் கூலி போகிற நாளில் நமக்கு என்ன சந்தோஷம் என்று உறுத்தவும் செய்யும்.

மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, அப்பா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த உறுத்தல்தான். "நீங்களும் கேளுங்கப்பா" என்று அவர் தலையில் மாட்டிவிட்டேன். அவருக்கு உயிரான ஒரு பழைய பாட்டைப் போட்டேன். எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், அது அவருடைய பாட்டு. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். விரல் முழங்காலில் தாளம் போட்டது. பாதி தூரம் போனதும் தாளம் நின்றது. கண்ணைத் திறந்தார்.

"சாமி, இந்த எடத்துல கொலுசு குலுங்கற மாதிரி ஒண்ணு வருமே. புதுசாப் போட்டதுல அத எடுத்துட்டாங்களா?"

வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். கொலுசு மாதிரி மணிச்சத்தம், இடது பக்கம், தெளிவாக இருந்தது. "வருதுங்கப்பா" என்று மறுபடி மாட்டிவிட்டு, அதே இடத்துக்குக் கொண்டுபோனேன். தலையை ஆட்டினார். சவுண்டை ஏற்றினேன். "பாட்டு ஏறுது. கொலுசு வரல" என்றார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்து, "செகண்ட் ஹேண்ட்ல வாங்கறப்ப பாத்து வாங்கோணும். முந்நூறு ரூவாய்க்கு உன்ன நல்லா ஏமாத்திட்டான் அந்தப் பையன்" என்றார்.

நான் என்ன சொல்ல? "ஆமாங்கப்பா, ரிப்பேர் பண்ணிடறேன்" என்றேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாலிடெக்னிக்கில் சீட் கிடைத்த அன்று பட்டறை வாசலில் நின்று, "அப்பா, சீட் கெடச்சிருச்சு!" என்று சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டே, "சாப்ட்டேன் சாமி, நீ சாப்டு" என்றார். அதை இத்தனை நாளும் வீட்டில் ஒரு ஜோக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ தடவை, "ஒரு வார்த்தைய எத்தன தரம் சொல்றதுங்கப்பா" என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன். "நீங்க பேசறது கேக்குது. என்ன பேசறீங்கன்னுதான் பிடிபடறதில்ல" என்பார். கவனிக்காமல் இருந்துவிட்டுச் சமாளிக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த பராமரிப்பு நாள் வரை பொறுக்க முடியவில்லை. ராத்திரி ஷிப்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் ஃபங்ஷன் ஜெனரேட்டர் ஆப் போட்டுக்கொண்டு அப்பாவை உட்கார வைத்தேன். "சத்தம் கேட்டா விரலத் தூக்குங்க." 500 ஹெர்ட்ஸ், விரல் தூக்கினார். 1000, தூக்கினார். 2000, கொஞ்சம் தாமதமாகத் தூக்கினார். 4000. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்தது எப்போது வரும் என்று. ஓபன் பேக் என்பதால் அந்தக் 'கீ' சத்தம் ஹெட்போனுக்கு வெளியே நிற்கிற எனக்குக் கேட்டது. மாட்டியிருந்த அவருக்குக் கேட்கவில்லை.

என் ஆப் சோதனை டாக்டர் சோதனை ஆகாது என்று எனக்கும் தெரியும். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள் கூலி போகும் என்று வர மாட்டேன் என்றார். அம்மா ஒரு அதட்டல் போட்டதும் வந்தார். அங்கே கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து முறைப்படி பார்த்து ஒரு படம் கொடுத்தார்கள். மேலே நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு 4000-க்கிட்டே கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. ஃபில்டர் சர்க்யூட் ரெஸ்பான்ஸ் கர்வ் எத்தனை வரைந்திருக்கிறோம் நாம்! அதே மாதிரி, ஆனால் இது என் அப்பா.

எந்த இரைச்சலானாலும், பலமாக, வருஷக்கணக்காகக் கேட்டால் முதல் அடி விழுவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரைக்குள்தானாம். 'ச', 'ஸ' மாதிரி எழுத்துகளின் சத்தமெல்லாம் மேல் அதிர்வெண்ணில்தான் இருக்கிறது. அதனால்தான் பேச்சு கேட்கும், வார்த்தை பிடிபடாது. உள்காதில் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது, மருந்தும் கிடையாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா.

ஒரு கணக்குச் சொல்கிறேன், நமக்குத் தெரிந்த கணக்குதான். 3 டெசிபல் கூடினால் பவர் இரண்டு மடங்கு. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம், 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விடுகிறார்கள். அப்பா தறிக்குப் பக்கத்தில் நின்று என் போன் ஆப் காட்டியது 97. போன் மைக்கை முழுசாக நம்ப முடியாது, இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நிற்க வேண்டிய இடத்தில் அப்பா நின்றது 12 மணி. அதாவது 24 நாள் பங்கு ஒரே நாளில்! அந்தச் சத்தத்தை அடக்குகிற மாதிரி இயர்போனில் பாட்டு வைத்தேனே நான், என் கணக்கு எங்கே போய் நிற்கும்? அந்தப் பழைய இயர்போனை யாருக்கும் கொடுக்கவில்லை. ப்ராஜெக்டுக்கு ஜாக்கை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன்.

ஈரோட்டில் சேஃப்டி சாமான் விற்கிற கடையில் காதடைப்பான் கிடைத்தது. மஞ்சள் நுரையில், சுருட்டிக் காதில் வைத்தால் உப்பி அடைத்துக்கொள்ளும். விலை ஒரு டீ, ஒரு வடை. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நூல் அறுந்தா தறிச் சத்தம் மாறும், அத வெச்சுத்தான் ஓடுவேன். இதப் போட்டா எப்படிடா கண்ணு தெரியும்?" நியாயமான கேள்விதான். மூன்று நாள் போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன். இரண்டாவது நாள் சாப்பிட வந்தவர், "அறுந்தா தெரியுது. எல்லாச் சத்தமும் கொறயுது, ஆனா மாறுனது மாறுனதாத் தெரியுது" என்றார். அடிக்கடி தொலைகிறது என்று அம்மா இரண்டையும் ஊடை நூலில் கட்டிக் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டார்கள். பட்டறையில் கேலி. அப்பா கண்டுகொள்ளவில்லை. இப்போது பக்கத்துத் தறிக்காரர் எனக்கும் வாங்கி வா என்று கையைச் சுழற்றிக் காதைக் காட்டுகிறார்.

ஹெட்போனில் கோளாறு ஒன்றுமில்லை என்றும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "தெரியும் சாமி. ஆஸ்பத்திரியில அந்தப் படத்தப் பாக்கறப்பவே தெரியும்" என்றார். விலையை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

போன பராமரிப்பு நாளில் அவரே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். அதே பாட்டு. "கொலுசு வர்ற எடம் வந்தாச் சொல்லு" என்றார். வந்ததும் அவர் முழங்காலைத் தொட்டேன். "ஆ, இங்கதான்" என்று தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அந்த இடத்துக்கு என் விரலை எதிர்பார்க்கவில்லை, அவரே சரியாகத் தலையை ஆட்டினார். நாலைந்து தடவை திரும்பத் திரும்பக் கேட்டார். சவுண்ட் நாலில் ஒரு பங்குதான், அதற்கு மேல் நான் ஏற்ற விடவில்லை.

அன்று நாலரைக்கே கரண்ட் வந்துவிட்டது. தெருக்கோடியில் ஒரு தறி சடக் என்றது, அப்புறம் இன்னொன்று. நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திறந்த ஹெட்போன்தானே, அவருக்கே கேட்டுவிட்டது. பாட்டைப் பாதியில் விட்டு, ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தார். கழுத்தில் தொங்கிய மஞ்சள் பஞ்சை விரலில் சுருட்டி ஒரு காதில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைச் சுருட்டியபடியே பட்டறைக்கு நடந்தார்.